டெபாசிட்டை எப்போது கட்டுவது? அமெரிக்கக் கல்லூரி அட்மிஷன் வந்தபின் செய்ய வேண்டியவை, வரிசைப்படி

மார்ச் கடைசி வாரம் வந்தால் என் வாட்ஸ்அப்பில் ஒரே கேள்விதான் சுற்றிச் சுற்றி வரும். "அக்கா, பையனுக்கு அட்மிஷன் வந்துடுச்சு. டெபாசிட்டை இன்னிக்கே கட்டிடட்டுமா?" நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான்: "பணக் கடிதம் வந்துச்சா?" பாதிப் பேருக்கு மேல் சொல்லும் பதில், "அது என்ன கடிதம்?" கல்லூரி எவ்வளவு உதவித்தொகை தரும் என்று சொல்லும் கடிதம் அது.

என் இரண்டு பிள்ளைகளுக்கும் இந்த வேலையைச் செய்திருக்கிறேன். முதல் தடவை தப்பாகச் செய்தேன். பிப்ரவரியிலேயே ஒரு கல்லூரிக்கு 400 டாலர் கட்டிவிட்டு, ஏப்ரலில் மகளை வேறு கல்லூரியில் சேர்த்தோம். அந்த 400 போனது போனதுதான். பிறகு எங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளிக் குடும்பங்கள் சிலவற்றுடன் உட்கார்ந்து இதையே செய்து பார்த்தபோது ஒன்று புரிந்தது. எல்லோரும் கல்லூரியை நன்றாகவே அலசுகிறார்கள். வேலையின் வரிசையில்தான் தடுக்கி விழுகிறார்கள். டெபாசிட், அதாவது இடத்தை உறுதிசெய்யக் கட்டும் பணம், கடைசிப் படி. அதை முதல் படியாக ஆக்கிவிடுகிறோம்.

கீழே உள்ளது அமெரிக்காவில் இளங்கலைப் படிப்பில் முதலாண்டு சேர்பவர்களுக்கானது. தமிழ்நாட்டிலிருந்து நேராக வருபவர்களுக்கும், எம்.எஸ். சேர்பவர்களுக்கும் வேறுபடும் இடங்களை 9ஆம் பகுதியில் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பிள்ளை விண்ணப்பித்த ஒவ்வொரு கல்லூரியின் போர்ட்டல் முகவரியும் பாஸ்வேர்டும் ஒரே இடத்தில் இருக்கட்டும். கல்லூரி எதை அனுப்பினாலும் பிள்ளையின் மின்னஞ்சலுக்குத்தான் வரும், போர்ட்டலில்தான் ஏறும். பெற்றோருக்குத் தனியாக எதுவும் வராது. பதினேழு வயதுப் பிள்ளை மின்னஞ்சலைத் திறந்து பார்க்கும் என்று நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

உதவித்தொகைப் படிவங்கள் போய்ச் சேர்ந்துவிட்டனவா என்று பாருங்கள். குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள பிள்ளைகளுக்கு ஃபாஃப்சா, அதாவது அமெரிக்க அரசின் உதவித்தொகை விண்ணப்பம். தனியார் கல்லூரிகள் பலவற்றில் அதோடு சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற கூடுதல் படிவமும் வேண்டும். ஒரு தாள் குறைந்திருந்தாலும் கல்லூரி பணக் கடிதத்தை நிறுத்திவைக்கும். "வேறு ஆவணம் தேவை" என்ற ஒரு வரி போர்ட்டலின் மூலையில் மூன்று வாரமாகக் கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, ஓர் எண். ஆண்டுக்கு எவ்வளவு கொடுக்க முடியும் என்று கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசி, கடிதங்கள் வருவதற்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் வந்து, பிள்ளை அந்தக் கல்லூரிச் சட்டையைப் போட்டுப் படம் எடுத்து, ஊரில் பாட்டிக்கும் அனுப்பியாகிவிட்டால் வீட்டில் யாருக்கும் "முடியாது" என்று சொல்ல வாய் வராது.

1. முதலில் கடிதத்தை முழுதாகப் படியுங்கள்

"வாழ்த்துகள்" என்ற சொல்லோடு நிறுத்திவிடாமல் கடைசி வரி வரை போங்கள். மூன்று விஷயங்களைத் தேட வேண்டும்.

எந்த வகை அட்மிஷன்? எர்லி டிசிஷன் என்றால் சேருவதாக ஏற்கெனவே கையெழுத்துப் போட்டாகிவிட்டது. பெரும்பாலும் டிசம்பர் நடுவில் பதில் வரும். கடிதத்தில் உள்ள தேதிக்குள் டெபாசிட் கட்டி, மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்கும் பேச்சே இல்லை. வெளியே வர ஒரே வழி, கல்லூரி தரும் உதவித்தொகை குடும்பத்துக்குப் போதாமல் இருப்பது. அதையும் டெபாசிட் கட்டும் முன்பே உதவித்தொகை அலுவலகத்தில் பேசித்தான் தீர்க்க வேண்டும்.

எர்லி ஆக்‌ஷன் அப்படி இல்லை. பதில் சீக்கிரம் வரும், அவ்வளவுதான். முடிவெடுக்க மே 1 வரை நேரம் உண்டு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு டிசம்பரிலேயே பணம் கட்டியவர்கள் நிறைய. ரோலிங் முறையில், அதாவது விண்ணப்பம் வர வரப் பதில் சொல்லும் முறையில், அக்டோபரிலேயே இடம் கொடுத்துவிடும் கல்லூரிகளும் இருக்கின்றன. சீக்கிரம் கட்டச் சொல்லும் நெருக்கடி அதிகம் வருவது அங்கிருந்துதான்.

எந்தப் பாடப்பிரிவு? "பல்கலைக்கழகத்தில் இடம்" என்பதும் "நீங்கள் கேட்ட பிரிவில் இடம்" என்பதும் ஒன்றல்ல. நம் வீடுகளில் கம்ப்யூட்டர் சயன்ஸ் கேட்பவர்கள் அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். இல்லினாய் அர்பானா-ஷாம்பெய்ன், சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் வேறு பிரிவில் சேர்ந்து பின்னால் அந்தத் துறைக்கு மாறுவது மிகக் கடினம். "உள்ளே போயிட்டா மாத்திக்கலாம்" என்ற நம் ஊர்க் கணக்கு அங்கே செல்லாது.

எந்தப் பருவம், எந்த வளாகம்? சில கடிதங்கள் இலையுதிர்காலத்துக்குப் பதிலாக ஜனவரியில் வரச் சொல்லும். சில, முதலாண்டை வேறு வளாகத்தில் படிக்கச் சொல்லும். இது மூன்றாவது பத்தியில்தான் இருக்கும்.

2. தேதிகளை ஒரே தாளில் எழுதுங்கள்

பெரும்பாலான கல்லூரிகளுக்கு முதலாண்டு மாணவர் பதில் சொல்ல வேண்டிய நாள் மே 1. கலிபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களுக்கும் அதுதான். அங்கே சேரும் சம்மதப் படிவத்தை எஸ்ஐஆர் என்பார்கள், டெபாசிட் 250 டாலர். மற்ற இடங்களில் 100 முதல் 1,000 டாலர் வரை பார்த்திருக்கிறேன்.

மே 1 என்பது மரபு, சட்டம் அல்ல. அந்தத் தேதிக்குப் பின் வேறு கல்லூரிக்குச் சம்மதம் சொன்ன மாணவரை இழுக்கக் கூடாது என்று அட்மிஷன் அதிகாரிகளின் சங்கமான நாகாக் ஒரு விதி வைத்திருந்தது. நீதித்துறையின் போட்டிச் சட்ட விசாரணையை அடுத்து 2019இல் அதை எடுத்துவிட்டார்கள். எர்லி டிசிஷனில் வருபவர்களுக்குச் சலுகை காட்டக் கூடாது என்ற விதியும் அப்போதே போனது. அதனால் "இந்தத் தேதிக்குள் கட்டினால் விடுதியில் முன்னுரிமை", "வாகன நிறுத்தம் இலவசம்" என்று மின்னஞ்சல் வந்தால் திகைக்க வேண்டாம். அது பெரும்பாலும் விற்பனைப் பேச்சு. மே 1க்குப் பின்னும் வேறு கல்லூரி கூடுதல் பணம் காட்டிக் கூப்பிடலாம்.

தேதி தள்ளிப்போவதும் உண்டு. 2024இல் புதிய ஃபாஃப்சா தாமதமாகி எல்லாம் குழம்பியபோது பல கல்லூரிகள் மே 15க்கும் ஜூன் 1க்கும் தள்ளிவைத்தன. பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன தேதி எதற்கும் உதவாது. உங்கள் போர்ட்டலில் உள்ளதுதான் தேதி.

ஒரு கோடு போட்ட தாளில் கல்லூரிக்கு ஒரு வரி எழுதுங்கள். டெபாசிட், கல்லூரி தரும் ஸ்காலர்ஷிப்பை ஏற்பது, விடுதி விண்ணப்பம், ஆனர்ஸ் கல்லூரி (சிறந்த மாணவருக்கான தனிப் பிரிவு), வெயிட்லிஸ்ட் (காத்திருப்போர் பட்டியல்) பதில் என்று மேலிருந்து கீழாக ஐந்து பத்தி. ஐந்துக்கும் ஐந்து வேறு தேதிகள் இருக்கும். டெபாசிட் மே 1 என்று நிம்மதியாக இருந்துவிட்டு, ஏப்ரல் 15இல் முடிந்த ஸ்காலர்ஷிப் படிவத்தைக் கோட்டைவிட்ட குடும்பம் ஒன்று எனக்குத் தெரியும்.

கூடவே ஆறாவதாக ஒரு பத்தி: டெபாசிட் திரும்பக் கிடைக்குமா? பல கல்லூரிகளில் கிடைக்காது. சிலவற்றில் மே 1க்குள் எழுத்தில் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். இந்த ஒரு வரி 6ஆம் பகுதியில் உங்களுக்குத் தேவைப்படும்.

3. பணக் கடிதம் வரும்வரை கை வைக்காதீர்கள்

அட்மிஷன் கடிதம் சொல்வது "வா" என்று. எவ்வளவு ஆகும் என்று சொல்வது உதவித்தொகைக் கடிதம். இரண்டும் ஒரே நாளில் வரலாம், மூன்று வாரம் தள்ளியும் வரலாம். இரண்டாவது வராமல் டெபாசிட் கட்டுவது, விலைச்சீட்டைப் பார்க்காமல் பட்டுப்புடவைக்கு அட்வான்ஸ் கொடுப்பது மாதிரி.

ஏப்ரல் 10 வரை வரவில்லையென்றால் பிள்ளையை விட்டு உதவித்தொகை அலுவலகத்துக்கு எழுதச் சொல்லுங்கள். கேட்க வேண்டியது இரண்டு: என் கோப்பு முழுமையாக இருக்கிறதா, கடிதம் எப்போது வரும். மே 1க்குள் வராது என்றால் டெபாசிட் தேதியைத் தள்ளித்தரும்படி அதே மின்னஞ்சலில் கேட்கலாம். காரணம் அவர்கள் பக்கத்துத் தாமதம் என்றால் பெரும்பாலும் தருவார்கள். கெடு முடிவதற்கு முன் கேட்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

4. உண்மையில் எவ்வளவு ஆகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்

இந்த வழிகாட்டியில் நான் அதிக நேரம் செலவிடும் இடம் இதுதான். ஏனென்றால் பணக் கடிதங்கள் ஒப்பிடுவதற்கு வசதியாக எழுதப்படுவதில்லை. ஒவ்வொரு கல்லூரியும் தன் விருப்பப்படி எழுதும். கடனையும் இனாமையும் ஒரே பட்டியலில் போட்டு, கீழே ஒரு பெரிய மொத்தத்தைக் காட்டும்.

எங்கள் சமையலறை மேஜையில் ஒரு அப்பா விரித்துவைத்த இரண்டு கடிதங்களை, அடையாளம் தெரியாதபடி எண்களை மாற்றித் தருகிறேன்.

முதல் கல்லூரி, தனியார். ஓராண்டு மொத்தச் செலவு 78,000 டாலர். கடிதம் "உங்களுக்கு 52,000 டாலர் தருகிறோம்" என்கிறது. இரண்டாவது, அவர் மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகம். மொத்தச் செலவு 36,000. "தருகிறோம்" என்பது 9,500. கழித்துப் பார்த்தார்: அங்கே 26,000, இங்கே 26,500. "தனியாரே ஐந்நூறு டாலர் கம்மிங்க!" என்று முகமெல்லாம் சிரிப்பு.

அந்த 52,000ஐப் பிரித்தோம். கல்லூரியின் கிராண்ட் 30,000. மெரிட் ஸ்காலர்ஷிப் 8,000. மாணவர் பெயரில் ஃபெடரல் (மத்திய அரசு) கடன் 5,500. ஒர்க்-ஸ்டடி 2,500. பேரன்ட் பிளஸ், அதாவது பெற்றோர் பெயரில் வாங்கும் ஃபெடரல் கடன், 6,000. இதில் திருப்பித் தர வேண்டாதது முதல் இரண்டு மட்டும்: 38,000. அரசுப் பல்கலைக்கழகத்தின் 9,500இல் இனாம் 4,000. மீதி 5,500 அதே ஃபெடரல் கடன்.

இப்போது கணக்கு: 78,000 கழித்தல் 38,000, நாற்பதாயிரம். 36,000 கழித்தல் 4,000, முப்பத்திரண்டாயிரம். ஆண்டுக்கு 8,000 டாலர் வித்தியாசம், நான்கு ஆண்டுக்கு 32,000. அவர் சிரிப்பு போய்விட்டது. ஆனால் அதன் பிறகு எடுத்த முடிவு தெரிந்து எடுத்த முடிவு. தனியாரில்தான் சேர்த்தார், அது அவர் இஷ்டம்.

ஆக, விதி இது: மொத்தச் செலவிலிருந்து கிராண்டையும் ஸ்காலர்ஷிப்பையும் மட்டும் கழியுங்கள். கடன் என்பது உங்கள் பணமேதான், பின்னால் வட்டியோடு கட்டுவது. முதலாண்டு மாணவருக்குப் பெற்றோரைச் சார்ந்தவர் என்ற முறையில் ஃபெடரல் கடன் 5,500 டாலர் வரை எல்லாக் கல்லூரியிலும் ஒன்றுதான். அதைத் தன் கருணை போல எந்தக் கல்லூரியும் காட்ட முடியாது. ஒர்க்-ஸ்டடி என்பது வேலை செய்தால் வரும் சம்பளம். ஆகஸ்ட் பில்லில் அது கழியாது.

பேரன்ட் பிளஸை நம்பி இடைவெளியை நிரப்புபவர்கள் கவனிக்க: 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்குபவர்களுக்கு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000 டாலர், எல்லா ஆண்டுக்கும் சேர்த்து 65,000 என்று உச்சவரம்பு வந்துவிட்டது. முன்பு மாதிரி முழுச் செலவுக்கும் இதை வாங்க முடியாது. நாலாவது ஆண்டு என்ன செய்வது என்று முதலாண்டே யோசிக்க வேண்டும்.

கணக்கை முடிக்கும் முன் இரண்டைப் பாருங்கள். ஸ்காலர்ஷிப் நான்கு ஆண்டுக்குமா, முதலாண்டுக்கு மட்டுமா? புதுப்பிக்க எவ்வளவு ஜிபிஏ (4.0க்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி) வேண்டும்? 3.0 என்றால் சமாளிக்கலாம், 3.5 என்றால் பொறியியல் முதலாண்டில் நல்ல பிள்ளைக்கே மூச்சு முட்டும். அப்புறம், மொத்தச் செலவு என்று கல்லூரி சொல்வதில் ஊருக்குப் போய்வரும் விமானச் செலவைப் பெரும்பாலும் குறைத்தே போட்டிருப்பார்கள். நியூஜெர்சியிலிருந்து கலிபோர்னியாவுக்கு அனுப்பினால், தேங்க்ஸ்கிவிங், கிறிஸ்துமஸ், கோடை என்று எண்ணி நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள்.

எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்களின் எச்-4 (சார்ந்தோர் விசா) பிள்ளைகளுக்கு ஃபெடரல் உதவி கிடையாது. மேலே உள்ள ஃபெடரல் கடனும் கிடையாது. உள்மாநிலக் கட்டணம் (அந்த மாநிலத்தவருக்கான குறைந்த கட்டணம்) கிடைக்குமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். "பத்து வருஷமா இங்கேதான் வரி கட்டறேன்" என்ற நியாயம் எல்லா இடத்திலும் எடுபடாது. குடியிருப்புத் தகுதி முடிவை எழுத்தில் வாங்காமல் கணக்கில் உள்மாநில எண்ணைப் போட வேண்டாம்.

5. குறைவாக இருந்தால் கேளுங்கள், டெபாசிட்டுக்கு முன்பே

கேட்பதற்கு நமக்குக் கூச்சம் அதிகம். "கொடுத்ததே பெரிசு, இன்னும் கேட்டா இடத்தைப் பறிச்சிருவாங்க" என்று ஒரு அம்மா சொன்னார். மரியாதையாகக் கேட்டதற்காக இடத்தைப் பறிக்க மாட்டார்கள். அங்கே இது அன்றாட வேலை. அப்பீல் என்றே ஒரு படிவம் இருக்கும்.

இரண்டு வகை. வருமானம் மாறிவிட்டால் அதற்கு ஆதாரத்தோடு எழுதுவது ஒன்று. ஃபாஃப்சா இரண்டு ஆண்டு முந்தைய வரிக் கணக்கைப் பார்க்கிறது. அப்போது வேலை இருந்தது, இப்போது லே-ஆஃப் என்றால் அவர்களுக்கு எப்படித் தெரியும்? பணிநீக்கக் கடிதத்தையோ மருத்துவ பில்களையோ இணைத்து அனுப்புங்கள். மற்றொன்று, அதே தரத்துக் கல்லூரி கூடுதலாகக் கொடுத்திருந்தால் அந்தக் கடிதத்தை இணைத்து மறுபரிசீலனை கேட்பது. தனியார் கல்லூரிகளில் இது சில சமயம் பலிக்கும். அரசுப் பல்கலைக்கழகங்களில் அரிது.

ஏப்ரல் முதல் வாரத்திலேயே அனுப்புங்கள். பதில் வர இரண்டு, மூன்று வாரம் ஆகும். டெபாசிட் கட்டிய பிறகு எழுதினால், வந்துவிட்ட மாணவரை இழுக்க அவர்கள் ஏன் கூடுதல் பணம் போட வேண்டும்? உங்கள் பிடி தளர்வது அந்தப் பணத்தை அனுப்பிய நிமிடத்தில்தான்.

6. விடுதி பயம்: சீக்கிரம் கட்டுவது எப்போது சரி

நான் பிப்ரவரியில் 400 டாலரை இழந்தது இந்தப் பயத்தால்தான். "சீக்கிரம் கட்டினால்தான் நல்ல விடுதி" என்று ஒரு பெற்றோர் குழுவில் படித்தேன், கட்டினேன். விடுதி ஒதுக்கீடு அங்கே குலுக்கல் முறையில் என்று ஜூனில்தான் தெரிந்தது.

ஆனால் பயம் எப்போதும் வெறும் பயமல்ல. விடுதி விண்ணப்பத்தின் தேதியை வைத்தே அறை ஒதுக்கும் பல்கலைக்கழகங்கள் உண்மையிலேயே இருக்கின்றன. அதனால் விடுதி அலுவலகத்திடம் நேராக மூன்று கேள்வி கேளுங்கள். முதலாண்டு மாணவர் எல்லோருக்கும் இடம் உறுதியா? ஒதுக்கீடு தேதிப்படியா, குலுக்கலா? சேரும் டெபாசிட் கட்டாமல் விடுதி விண்ணப்பம் மட்டும் போட முடியுமா?

இடம் உறுதி என்றால் அவசரம் இல்லை. தேதிப்படிதான், ஆனால் விடுதிக்கு மட்டும் தனியாகக் கட்டலாம் என்றால் அதை மட்டும் கட்டுங்கள். இரண்டும் சேர்த்துத்தான் கட்ட வேண்டும், மே 1 வரை திரும்பக் கிடைக்கும் என்றால் கட்டிவிட்டுத் திரும்பக் கேட்க வேண்டிய நாளைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பக் கிடைக்காது, ஆனால் அந்தக் கல்லூரிதான் உங்கள் முதல் இரண்டில் ஒன்று என்றால், சில நூறு டாலரை ஒரு காப்பீடாக நினைத்துக் கட்டுவதில் தப்பில்லை. ஐந்தாவது விருப்பத்துக்கு அப்படிக் கட்டத் தேவையில்லை.

7. ஒரு நேரத்தில் ஒரே இடம்

"முடிவு பண்ண முடியல, ரெண்டுலயும் கட்டி வைப்போம்" என்பது நாம் கல்யாண மண்டபத்துக்குச் செய்வது. இங்கே அது வேண்டாம். டெபாசிட்டோடு பிள்ளை கையெழுத்திடும் படிவத்தில் வேறு எங்கும் சேரவில்லை என்ற உறுதிமொழி பெரும்பாலும் இருக்கும். மே 1க்குப் பின் இரண்டு இடத்தைப் பிடித்து வைத்திருப்பது தெரிந்தால் இரண்டு கல்லூரியுமே அட்மிஷனை ரத்து செய்யலாம். பள்ளி கவுன்சிலர் ஒரே ஒரு கல்லூரிக்குத்தான் இறுதி மதிப்பெண் சான்றிதழை அனுப்புவார். அங்கேயே விஷயம் வெளியே வந்துவிடும்.

மே 1க்கு முன் மனம் மாறினால் பிரச்சினை இல்லை. பழைய இடத்தை எழுத்தில் ரத்து செய்துவிட்டுப் புதிய இடத்தில் கட்டுங்கள். முதல் பணம் போகலாம், பெயர் கெடாது.

8. வெயிட்லிஸ்ட் இருந்தால்

மேலே சொன்ன விதிக்கு ஒரே விலக்கு இது. வெயிட்லிஸ்டில் இருந்துகொண்டே வேறு ஒரு கல்லூரியில் டெபாசிட் கட்டலாம், கட்டவும் வேண்டும். வெயிட்லிஸ்ட் பெரும்பாலும் மே 1க்குப் பிறகுதான் நகரும், எத்தனை பேரை எடுப்பார்கள் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். அதை நம்பி எங்கும் கட்டாமல் இருந்தால் ஜூனில் கையில் ஒன்றும் இருக்காது.

வெயிட்லிஸ்ட் தானாக ஓடாது. "இருக்கிறேன்" என்று போர்ட்டலில் சம்மதம் சொல்ல வேண்டும், அதற்கும் கெடு உண்டு. பிறகு பிள்ளை ஒரு பக்கத்தில் கடிதம் எழுதலாம்: இன்னும் விருப்பம் இருக்கிறது, விண்ணப்பத்துக்குப் பின் புதிதாக நடந்தவை இவை. அப்பாவின் நண்பரின் முதலாளியிடமிருந்து சிபாரிசுக் கடிதம் வேண்டாம், தயவு செய்து.

அழைப்பு வந்தால் பதில் சொல்ல சில நாள்தான் கொடுப்பார்கள். உதவித்தொகை குறைவாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். 4ஆம் பகுதிக் கணக்கை மறுபடி போட்டுவிட்டுத்தான் சரி சொல்ல வேண்டும். சரி சொன்னால் முதல் கல்லூரிக்கு அன்றே எழுதி விலகுங்கள்.

9. தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களுக்கும் எம்.எஸ். சேர்பவர்களுக்கும்

உங்களுக்கு மே 1 ரொம்பத் தாமதமான தேதி. பல பல்கலைக்கழகங்கள் டெபாசிட்டும் பண ஆதாரமும் வந்த பிறகுதான் ஐ-20, அதாவது மாணவர் விசாவுக்கான படிவம், தரும். ஐ-20 வந்தால்தான் 350 டாலர் செவிஸ் (வெளிநாட்டு மாணவர் பதிவு) கட்டணம் கட்ட முடியும். விசா நேர்காணலுக்குப் போகும்போது அந்த ரசீது கையில் இருக்க வேண்டும். மே மாதம் இந்தச் சங்கிலியைத் தொடங்கினால், சென்னை அண்ணா சாலையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் நாள் கிடைப்பதற்குள் ஆகஸ்ட் வந்துவிடும். ஏப்ரல் நடுவுக்குள் முடிவெடுங்கள். வங்கிக் கடிதம், கல்விக்கடன் ஒப்புதல் எல்லாம் அதற்கு முன்பே தயாராக இருக்கட்டும்.

கட்டும் முன் ஒரு கேள்வியை மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள்: விசா மறுக்கப்பட்டால் டெபாசிட் திரும்பக் கிடைக்குமா, அல்லது அடுத்த பருவத்துக்கு மாற்றுவீர்களா? பல இடங்களில் இரண்டில் ஒன்று உண்டு. ஆனால் மறுப்புக் கடிதத்தை அனுப்ப ஒரு கெடு இருக்கும்.

பெயர் விஷயம் நம் ஆட்களுக்கே உரியது. பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இடம் காலியாக இருந்து, முழுப்பெயரும் கொடுக்கப்பட்ட பெயராக இருந்தால் அமெரிக்க விசாவில் "எஃப்என்யு" (முதல் பெயர் தெரியவில்லை) என்று முதல் பெயர் விழும். விண்ணப்பத்தில் "கே. அருண்", பாஸ்போர்ட்டில் "அருண் கந்தசாமி", வங்கிக் கடிதத்தில் "அருண்குமார்" என்று மூன்று விதமாக இருந்தால் டெபாசிட் ஒருவர் கணக்கிலும் ஐ-20 இன்னொருவர் கணக்கிலும் போய் நிற்கும். டெபாசிட்டுக்கு முன்பே போர்ட்டலில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி மாற்றச் சொல்லுங்கள். பணம் அப்பா கணக்கிலிருந்து போனாலும் குறிப்பில் மாணவர் எண் இருக்க வேண்டும்.

எம்.எஸ். மாணவர்கள் "ஏப்ரல் 15 வரை யாரும் வற்புறுத்த முடியாது" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது பாதி உண்மை. பட்டமேற்படிப்புக் கல்லூரிகளின் கவுன்சில் வகுத்த அந்தத் தீர்மானம் அசிஸ்டென்ட்ஷிப், ஃபெல்லோஷிப் போன்ற நிதியுதவியோடு வரும் அட்மிஷனுக்கு, அதுவும் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்களுக்கு மட்டும். சொந்தப் பணத்தில் படிக்கும் எம்.எஸ்.ஸுக்குப் பொருந்தாது. மார்ச் 1இல் டெபாசிட் கேட்டால் மார்ச் 1தான். இரண்டு வாரம் கூடுதலாகத் தர முடியுமா என்று கேட்கலாம், உரிமையாகக் கேட்க முடியாது.

10. கட்டும் நாள்

ஏப்ரல் 26, 27 வாக்கில், வாரநாளில், பகலில் கட்டுங்கள். ஏப்ரல் 30 இரவு பதினோரு மணிக்குக் கட்டுபவர்களிடம் எனக்குக் கோபமே வரும். போர்ட்டல் திணறும், வங்கி புதிய இடத்துக்குப் போகும் பணம் என்று அட்டையை நிறுத்தும், உதவிக்கு அலுவலகத்தில் ஆள் இருக்காது. நள்ளிரவு என்பது எந்த நேர மண்டலத்து நள்ளிரவு என்றும் பாருங்கள்.

வங்கிக் கணக்கிலிருந்து நேராகக் கட்டினால் பல இடங்களில் கட்டணம் இல்லை. கிரெடிட் கார்டுக்குப் பெரும்பாலும் கூடுதலாக இரண்டு, மூன்று சதவீதம் பிடிப்பார்கள். ஆனால் கணக்கு எண்ணில் ஒரு இலக்கம் தப்பானால் திரை "கட்டியாயிற்று" என்றுதான் காட்டும். நான்கு நாள் கழித்துப் பணம் திரும்பும், அதற்குள் கெடு போயிருக்கும். எண்ணை ஒருவர் படிக்க இன்னொருவர் சரிபாருங்கள். ரசீதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வருமானம் குறைந்த குடும்பம் என்றால் டெபாசிட்டிலிருந்து விலக்கு கேட்கலாம். நாகாக் படிவம் ஒன்று இருக்கிறது, பள்ளி கவுன்சிலர் கையெழுத்திட்டுத் தருவார். கல்லூரிகள் ஏற்றே ஆக வேண்டும் என்பதில்லை. கேட்டால் பல ஏற்கும்.

இந்த நாள்வரை இரண்டு கல்லூரிக்கு நடுவே மனம் ஊசலாடினால்? என் மகனுக்கு அப்படித்தான் ஆனது. ஒரு நாள் முழுக்க "ஏ-யில் சேர்ந்தாச்சு" என்று வைத்துக்கொண்டு வீட்டில் நடந்தோம், மறுநாள் "பி-யில் சேர்ந்தாச்சு". இரண்டாம் நாள் மாலை அவன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். பதில் கிடைத்துவிட்டது.

11. கட்டிய பிறகு

மற்ற கல்லூரிகளின் இடத்தை அதே வாரம் போர்ட்டலில் மறுத்துவிடுங்கள். அந்த இடத்துக்காக வெயிட்லிஸ்டில் வேறொரு வீட்டுப் பிள்ளை காத்திருக்கிறது.

பன்னிரண்டாம் வகுப்புக் கடைசிப் பருவ மதிப்பெண்ணைக் கல்லூரி பார்க்கும். ஏ வாங்கிய பிள்ளை டி வாங்கினால் விளக்கம் கேட்கும், மோசமாக இருந்தால் அட்மிஷனையே ரத்து செய்யும். டெபாசிட் கட்டியது இதிலிருந்து காப்பாற்றாது.

பிள்ளை கல்லூரியில் சேர்ந்ததும் ஃபெர்பா என்ற சட்டப்படி மதிப்பெண், கட்டணக் கணக்கு பற்றிய உரிமை பிள்ளைக்குப் போய்விடும். பணம் கட்டும் அப்பா போன் செய்தால் "உங்களிடம் பேச முடியாது" என்பார்கள். பிள்ளை போர்ட்டலில் பெற்றோருக்கு அனுமதி கொடுக்க ஒரு பக்கம் இருக்கும். ஓரியன்டேஷனுக்கு முன்பே, பக்கத்தில் உட்கார்ந்து அதைச் செய்துவிடுங்கள்.

ஜூலை, ஆகஸ்டில் முதல் பில் வரும். டெபாசிட் அதில் கழிந்திருக்கிறதா என்று பாருங்கள். பல கல்லூரிகளில் கழியும், சிலவற்றில் அது வெறும் சேர்க்கைக் கட்டணம். அதே பில்லில் மாணவர் மருத்துவக் காப்பீடு என்று ஒரு வரி இருக்கும், சில ஆயிரம் டாலர். உங்கள் அலுவலகக் காப்பீட்டில் பிள்ளை ஏற்கெனவே இருந்தால், கெடுவுக்குள் விலக்குப் படிவம் போட்டு அந்த வரியை எடுக்கச் சொல்லலாம். யாரும் நினைவூட்ட மாட்டார்கள், அதனால் இந்தத் தேதியையும் அந்தத் தாளிலேயே ஏழாவது பத்தியாக எழுதிவிடுங்கள்.